அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்: முதல் ஆறு பருவங்கள் (1995–2000)

அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ், அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டி மாய்ன் நகரத்து உள்ளரங்க அமெரிக்கக் கால்பந்து அணி. 1995-இல் அரினா ஃபுட்பால் லீக்கில் சேர்ந்து, ஆறு பருவங்கள் ஆடி, 2000 பருவம் முடிந்தபின் நியூயார்க்குக்குப் போய்விட்டது. இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை சென்று இரண்டு முறையும் தோற்றது. ஆறு ஆண்டுகளில் கோப்பை என்று ஒன்றுமில்லை. இருந்தும் அந்த லீக்கின் வரலாற்றை எழுதுபவர் எவரும் இந்த அணியைத் தாண்டிப் போக முடியாது. காரணங்கள் இரண்டு: அணியின் உரிமையாளர் ஜிம் ஃபாஸ்டர் இந்த ஆட்டத்தையே கண்டுபிடித்தவர், அணிக்காகப் பந்தை எறிந்த குவார்ட்டர்பேக் பின்னாளில் நேஷனல் ஃபுட்பால் லீக்கின் சிறந்த ஆட்டக்காரரான கர்ட் வார்னர்.

ஆட்டம் பிறந்த விதம்

ஜிம் ஃபாஸ்டர் அயோவாக்காரர். பெரிய லீக்கான நேஷனல் ஃபுட்பால் லீக்கின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தவர். 1981 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இதே இடத்தில் அமெரிக்கக் கால்பந்தை ஆடினால் என்ன என்று தோன்றியது. கையிலிருந்த பழுப்பு உறையின் மேல் ஒரு சிறிய மைதானத்தை வரைந்தார். வரைந்ததோடு சரி, ஆண்டுகள் ஓடின. இடையில் போட்டி லீக்கான யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் லீக்கில் பணிபுரிந்தார். அந்த லீக் கவிழ்ந்ததும் பழைய உறை வெளியே வந்தது. 1986 ஏப்ரலில் இலினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் சோதனை ஆட்டம் நடந்தது. 1987-இல் நான்கே அணிகளோடு லீக் தொடங்கியது.

வெளி மைதானத்தில் ஆடுகளம் 100 கெஜம் நீளம், 160 அடி அகலம். பக்கத்துக்கு 11 பேர். அரினா ஆட்டத்தில் 50 கெஜம், 85 அடி, பக்கத்துக்கு 8 பேர். ஐஸ் ஹாக்கி ஆடும் தளத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்தால் ஆடுகளம் தயார். சுற்றிலும் மெத்தை கட்டிய இடுப்பளவுச் சுவர். ஓடிவரும் வேகத்தில் ஆட்டக்காரர் சுவரைத் தாண்டி முதல் வரிசை ரசிகரின் மடியில் விழுவது உண்டு. இருக்கைகளுக்குள் பறந்த பந்தைப் பிடித்தவர் வீட்டுக்கே எடுத்துப் போகலாம்.

ஃபாஸ்டரின் மூளை முழுதாகத் தெரிவது வலைகளில்தான். இரு முனைகளிலும், கோல் கம்பங்களுக்கு இருபுறமும் 30 அடி அகலமும் 32 அடி உயரமும் கொண்ட வலைகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். உதைத்த பந்தோ எறிந்த பந்தோ வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. அந்தரத்தில் வரும் அந்தப் பந்தை எந்த அணியும் பிடிக்கலாம். கம்பங்களுக்கு இடையே 9 அடிதான் இடைவெளி, பெரிய லீக்கில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. அதனால் குறி தவறுவது அடிக்கடி நடக்கும். தவறியது வலையில் பட்டுத் திரும்பும். கூட்டம் எழுந்து நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு 1990-இல் காப்புரிமை கிடைத்தது. பின்னால் முளைத்த மற்ற உள்ளரங்க லீக்குகள் வலையைக் கட்ட முடியாமல் போனது இதனால்தான். ‘அரினா’ என்றால் வலை உண்டு, மற்ற ‘உள்ளரங்கம்’ என்றால் வலை இல்லை என்று ரசிகர்கள் பிரித்துச் சொல்வார்கள்.

பெரும்பாலான ஆட்டக்காரர்கள் தாக்குதல், தற்காப்பு இரண்டும் ஆட வேண்டும் என்ற விதியும் அன்று இருந்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு.

டி மாய்னில்

1992-இல் லீக் ஆணையர் பதவியை விட்டு விலகிய ஃபாஸ்டர், தன் மாநிலத்துக்கு ஓர் அணியைக் கொண்டுவந்தார். இடத்தேர்வு புத்திசாலித்தனமானது. அயோவாவில் கால்பந்துப் பைத்தியம் குறைவில்லை. ஆனால் பெரிய தொழில்முறை லீக்குகளில் எதற்கும் அங்கே அணி கிடையாது. இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழக அணிகள் ஆடும். கோடையில் இரண்டாம் அடுக்கு பேஸ்பால் மட்டும். அரினா லீக்கோ கோடையில்தான் ஆடப்பட்டது.

களம், 1955-இல் திறந்த வெட்டரன்ஸ் மெமோரியல் ஆடிட்டோரியம். ஊர்க்காரர்கள் அதை ‘பார்ன்’, அதாவது தானியக் களஞ்சியம் என்பார்கள். அணியின் பெயர் அதோடு அழகாகப் பொருந்தியது. முதல் உலகப்போருக்குப் பின் ஊர் ஊராகப் பறந்து வயல்வெளிகளில் சாகசம் காட்டிக் காசு வாங்கிய விமானிகளுக்குத்தான் பார்ன்ஸ்டார்மர் என்று பெயர். அணியின் தலைக்கவசத்திலும் அந்த விமானிதான்: பழைய தோல் தொப்பியும், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடியும் வரைந்திருக்கும். அமெரிக்க விளையாட்டில் இதைவிடக் கச்சிதமான தலைக்கவசம் குறைவு என்பது இதை எழுதுபவரின் கருத்து.

பயிற்சியாளர் ஜான் கிரெகரி. கனடா லீக்கில் சஸ்காட்சுவன் ரஃப்ரைடர்ஸ் அணிக்கு 1989-இல் கிரே கோப்பையை வாங்கித் தந்தவர்.

வார்னரின் மூன்று பருவங்கள்

கர்ட் வார்னரும் அயோவாவில் பிறந்தவரே; நார்தர்ன் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 1994-இல் எந்தப் பெரிய அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரீன் பே பேக்கர்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்து, பருவம் தொடங்கும் முன்பே திருப்பி அனுப்பியது. சீடர் ஃபால்ஸ் ஊரில் ஹைவீ மளிகைக்கடையில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு, இரவு நேரத்தில் அலமாரிகளில் சாமான் அடுக்கினார். அங்கிருந்துதான் 1995-இல் பார்ன்ஸ்டார்மர்ஸுக்கு வந்தார்.

சிறிய களத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரமில்லை. எதிராளி இரண்டு எட்டில் மேலே விழுவார். ஓடும் கூட்டாளிக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியில், அவர் திரும்பும் முன்பே பந்து புறப்பட்டிருக்க வேண்டும். வார்னர் பின்னாளில் பெரிய லீக்கில் காட்டிய கைவேகத்துக்கு இந்த நெருக்கடிதான் பள்ளிக்கூடம். இரண்டாம் அடுக்கு ஆட்டம் என்று அரினாவை ஏளனம் செய்தவர்கள் பார்க்கத் தவறியது இதைத்தான்.

முதல் பருவத்தில் அணி 7 வென்று 5 தோற்று, அடுத்த கட்டச் சுற்றுக்கு நுழைந்தது. புதிய அணிக்கு இது நல்ல கணக்கு. 1996-இல் 14 ஆட்டங்களில் 12 வெற்றி. லீக்கின் இறுதி ஆட்டமான அரினாபவுல், ஆகஸ்ட் மாதம் டி மாய்னிலேயே, 11,000 பேருக்கு மேல் நிறைந்த களஞ்சியத்தில் நடந்தது. எதிரில் முந்தைய ஆண்டின் சாம்பியன் டாம்பா பே ஸ்டார்ம். 42–38 என்று டாம்பா பே வென்றது. ஒரே ஒரு டச்டவுன் (எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது) தரும் புள்ளிகளின் வித்தியாசம்கூட இல்லை. 1997-இல் 11 வெற்றி, 3 தோல்வி. மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை பீனிக்ஸ் நகரில் அரிசோனா ராட்லர்ஸ் 55–33 என வென்றது. அந்த ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று பருவங்களில் வார்னர் எறிந்த டச்டவுன்கள் 183. 1996, 1997 இரண்டு ஆண்டும் லீக்கின் முதல்தர அணியில் இடம்பெற்றார். 1998-இல் ஐரோப்பிய லீக்கின் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸுக்குப் போனார். அதன்பின் பெரிய லீக்கின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ். 1999-இல் ராம்ஸின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீன் காயம்பட்டு விலக, வார்னர் இறங்கி 41 டச்டவுன்கள் எறிந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2000 ஜனவரியில் அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றார். 2011-இல் அரினா ஃபுட்பாலின் புகழ்மன்றமும் 2017-இல் தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றமும் அவரைச் சேர்த்துக்கொண்டன.

விற்பனையும் பிறகும்

வார்னர் போனபின்னும் அணி களமிறங்கியது. அவருக்குப் பிறகு வந்த குவார்ட்டர்பேக்குகளில் ஆரன் கார்சியா, தன் அரினா வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டச்டவுன்கள் எறிந்தவர். ஆனால் 1990-களின் இறுதியில் லீக் பெரிய சந்தைகளைத் தேடத் தொடங்கியது. டி மாய்ன் போன்ற ஊருக்கு அதில் இடம் சுருங்கியது. அணி விற்கப்பட்டு, 2001 முதல் லாங் ஐலண்டில் நியூயார்க் டிராகன்ஸ் என்ற பெயரில் ஆடியது. கார்சியாவும் உடன் போனார். ஃபாஸ்டர், லீக்கின் கீழடுக்காக 2000-இல் தொடங்கிய ‘ஏஎஃப்2’வில், இலினாய் மாநில மோலீனில் குவாட் சிட்டி ஸ்டீம்வீலர்ஸ் அணியை நிறுவினார். அது முதல் பருவத்திலேயே ஓர் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்றது.

பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற பெயர் 2001-இல் அதே கீழடுக்கில் ஒரு பருவம் ஓடி நின்றது. 2008-இல் மீண்டும் வந்தது. புதிய அரங்கில், பழைய கண்ணாடித் தலைக்கவசத்தோடு. 2010 முதல் 2014 வரை அரினா லீக்கில் ஆடிவிட்டு, 2015-இல் இண்டோர் ஃபுட்பால் லீக்குக்கு மாறியது. அந்தப் பெயருக்கு முதல் கோப்பை 2018-இல், டி மாய்னிலேயே, சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியை வென்றபோது கிடைத்தது. இந்த லீக்கின் ஆடுகளத்தில் வலைகள் கிடையாது.