ஃபோலிக் அமிலமும் சென்னையும்: ஓர் இரத்தச்சோகை ஆய்வின் வரலாறு

கருவுற்ற பெண்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சிவப்பு நிற மாத்திரை ஒன்று வழங்கப்படுகிறது. தாம்பரம், பெருங்களத்தூர் போன்ற புறநகர்ப் பகுதிகளிலும் இதே மாத்திரைதான். இதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. 10 முதல் 19 வயது வரையுள்ள மாணவ மாணவியருக்கு வாரம் ஒரு முறை பள்ளிகளில் தரப்படும் நீல மாத்திரையிலும் இவையே உள்ளன. இரும்பு எதற்கு என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். ஃபோலிக் அமிலம் எப்படி வந்தது என்பதைச் சிலரே அறிவர். அதன் வரலாற்றில் சென்னைக்கும் குன்னூருக்கும் பங்கு உண்டு. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரிய அணுக்களின் சோகை

இரத்தச்சோகை ஒரே நோய் அன்று. பல காரணங்களால் வரும் ஒரு நிலை. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். வேறொரு வகையில் இதற்கு நேர்மாறாக, அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாகின்றன, எண்ணிக்கையோ குறைகிறது.

சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்குள்ள தாய் அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் புதிய டி.என்.ஏ. தேவை. அதைக் கட்டுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அணு வளர்கிறது; ஆனால் உரிய காலத்தில் பிரிய முடிவதில்லை. அதனால்தான் அணுக்கள் பெரிதாகத் தோன்றுகின்றன. கருவுற்ற பெண்ணின் உடலில் தாய்க்கும் சேய்க்குமாக அணுப்பிரிவு பெருகுவதால் இக்குறைபாடு அவரையே முதலில் தாக்குகிறது.

இவ்விளக்கம் பின்னாளில் கிடைத்தது. 1920களில் மருத்துவர்கள் கண்டதெல்லாம், கருவுற்ற ஏழைப் பெண்கள் காரணம் தெரியாத கடும் சோகையால் இறந்துபோனதைத்தான்.

பம்பாய், குன்னூர், சேப்பாக்கம்

லூசி வில்ஸ் 1888 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பிறகு இலண்டனில் மருத்துவம் படித்து 1920 இல் மருத்துவரானார். 1928 இல் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்கு வந்து, கருவுற்ற பெண்களின் சோகையை ஆராயத் தொடங்கினார்.

நோய்க்குக் கிருமி காரணமாக இருக்கலாம் என்று எண்ணி முதலில் அதைத் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு நோயுற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். எஸ். என். தல்பாடே என்பவருடன் சேர்ந்து பம்பாய்ப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் கணக்கெடுத்தார். காய், கீரை, பால், இறைச்சி ஆகியவை மிகவும் குறைந்த உணவை உண்ட ஏழை இஸ்லாமியப் பெண்களிடம் நோய் மிகுதியாக இருந்தது.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவருடைய ஆய்வு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. அங்கே இராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வுக்குத் தலைமை வகித்தார். அவர் நடத்திய ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னைக்கு வந்து சேப்பாக்கத்தில் உள்ள கோஷா மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக 1885 இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை, இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை. பழைய சென்னைவாசிகள் இன்றும் அதைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே சொல்வார்கள்.

அந்நாளில் சோகைக்குக் கல்லீரல் சாறு சிறந்த மருந்து. ஆனால் விலை அதிகம். வில்ஸ் விலை மலிவான ஒன்றைத் தேடினார். மதுபான ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்பட்டு, ரொட்டியில் தடவி உண்ணப்படும் ‘மார்மைட்’ என்ற பசையைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் தேறினார்கள். இதை 1931 ஜூன் மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு முக்கியமான உண்மையும் தெரிந்தது: நன்கு தூய்மைப்படுத்திய கல்லீரல் சாறு இந்தச் சோகையைக் குணப்படுத்தவில்லை, தூய்மைப்படுத்தாத சாறே குணப்படுத்தியது. ஆகவே அதுவரை அறியப்படாத வேறொரு பொருள் ஈஸ்ட்டிலும் கல்லீரலிலும் இருந்தாக வேண்டும். அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள்.

திருவல்லிக்கேணி மாணவர்

அப்பொருளைத் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்ட குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895 இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். அப்பள்ளியிலிருந்து கோஷா மருத்துவமனை நடந்து செல்லும் தொலைவுதான். பிறகு மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார்.

அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோயால் இறந்தனர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஸ்ப்ரூ வந்தவரின் குடல் உணவின் சத்தை உறிஞ்சாது. பெரிய அணுச் சோகை உடன்வரும். சுப்பாராவும் அதே நோய்க்கு ஆளாகி, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். அவர் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகவும் இருந்தார்.

அமெரிக்கா சென்று ஹார்வர்டில் சேர்ந்த சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து 1925 இல் இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரசை அளக்கும் முறையை வெளியிட்டார். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட்டைச் சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவை அறியலாம். உயிர்வேதியியல் மாணவர்கள் செய்முறை வகுப்பில் இன்றும் கற்கும் ‘ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை’ இதுவே. தசையில் பாஸ்போகிரியாட்டின், ஏ.டி.பி. ஆகியவற்றையும் இருவரும் கண்டறிந்தனர். ஆனாலும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940 இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார்.

கீரையிலிருந்து மாத்திரைக்கு

1941 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து மிகச் சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலத்தீனில் ‘ஃபோலியம்’ என்றால் இலை. ஈஸ்ட்டிலும் கல்லீரலிலும் தேடப்பட்டதும் கீரையில் கிடைத்ததும் ஒரே பொருள்தான் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று.

டன் கணக்கில் கீரையை அரைத்து நோயாளிகளுக்கு மருந்து தர இயலாது. 1945 இல் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தை வேதியியல் முறையில் தொகுத்தது. அதன் பிறகே போதிய அளவில் மருந்து கிடைத்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் சோகைக்கும் அது பயன்பட்டது. சகோதரர்களைக் கொண்டுசென்ற நோய்க்கு உதவும் மருந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே வந்தது.

இன்னொரு பயனும் விளைந்தது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது நோய் வேகமெடுப்பதுபோல் கண்டார். அணு பெருக இப்பொருள் வேண்டும் என்றால், அதைத் தடுத்தால் புற்றணுவும் பெருகாது அல்லவா? லெடர்லி குழு உருவாக்கிய தடைப்பொருளான அமினோப்டெரினை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூன் மாதம் இது வெளியாயிற்று. இவ்வகையில் அடுத்து வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 53 ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார்.

உடன்பிறப்பான பி12

கல்லீரலின் மற்றொரு காரணியான உயிர்ச்சத்து பி12 உம் 1948 இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் குறைவும் பெரிய அணுச் சோகையைத் தரும். கூடவே நரம்புகளையும் கெடுக்கும். பி12 குறைவுள்ளவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். எனவே காரணம் அறியாமல் தாமாகவே மாத்திரை வாங்கி உண்பது நன்றன்று.

இத்துறையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு பெரிது. 1962 இல் ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர், தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த இந்தியக் குழந்தைகள் சிலருக்குப் பி12 குறைவால் வந்த நோயை லான்செட் இதழில் விவரித்தனர். தாயிடம் சத்து இல்லாததால் பாலிலும் இல்லை; அதனால் சேய்க்கும் இல்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினர்.

இன்று நாம் அறிய வேண்டியது

1991 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகள் பெருமளவு தவிர்க்கப்படும் என்று காட்டியது. மருந்தின் பயன் இவ்வளவு தெளிவான பிறகும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுடன் உள்ளனர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான்.

கீரை, பயறு, நிலக்கடலை ஆகியவற்றில் ஃபோலிக் அமிலச் சத்து உண்டு. நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அது வீணாகும். பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு.

ஃபோலிக் அமிலத்துக்கு இலையின் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அது இருப்பதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்த ஏழைத் தாய்மார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. கிருமியைத் தேடி ஓய்ந்தபின், “நீ என்ன சாப்பிட்டாய்?” என்று ஒரு மருத்துவர் அவர்களிடம் கேட்டதிலிருந்தே இந்த வரலாறு தொடங்குகிறது. மாத்திரையை வாங்கி வீட்டில் ஒரு மூலையில் வைத்துவிடும் மாணவியும் கருவுற்ற பெண்ணும் இதை அறிந்தால், அதை உண்ணத் தவற மாட்டார்கள்.