எட்வர்ட் ஹியூஸும் சோழமண்டலக் கடற்போர்களும் (1782–1783): ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

சோழமண்டலக் கடற்போர்களைப் பேசும் வரலாற்று நூல்கள் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனின் துணிவையே பெரிதும் முன்னிறுத்துகின்றன. அவரை எதிர்கொண்ட ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் (இ. 1794), விடாப்பிடியானவர் எனினும் முனைப்புக் குன்றியவர் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார். துறைமுகம், பருவக்காற்று, குடிநீர் ஆகிய மூன்றையும் கருத்திற்கொண்டு அவருடைய முடிவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பணிவாழ்வு

1735இல் கடற்படையில் சேர்ந்த ஹியூஸ் போர்ட்டோ பெல்லோ (1739), லூயிஸ்பர்க் (1758), கியூபெக் (1759) ஆகிய போர்களில் பங்கேற்றார். 1773 முதல் 1777 வரை கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தளபதியாக விளங்கினார்; பின்னர் மீண்டும் அப்பொறுப்பை ஏற்றார். 1780 டிசம்பரில் மங்களூரில் ஹைதர் அலியின் கப்பல்களை அழித்தார். ஒல்லாந்தரிடமிருந்து நாகப்பட்டினத்தை 1781 நவம்பரிலும் திருகோணமலையை 1782 ஜனவரியிலும் கைப்பற்றுவதில் முதன்மைப் பங்காற்றினார்.

ஐந்து போர்கள்

1782இல் சதுரங்கப்பட்டினம் (பிப்ரவரி 17), இலங்கையின் கிழக்குக் கரை (ஏப்ரல் 12), நாகப்பட்டினம் (ஜூலை 6), திருகோணமலை (செப்டம்பர் 3) ஆகிய இடங்களை ஒட்டிய கடற்பகுதிகளிலும், 1783 ஜூன் 20இல் கடலூரை அடுத்த கடலிலும் இரு படைகளும் மோதின. இவ்வைந்து போர்களிலும் எத்தரப்பும் ஒரு பெரும் போர்க்கப்பலைக்கூட எதிரியிடம் பறிகொடுக்கவில்லை. எனவே வெற்றி தோல்வியைப் போர்க்களத்திற்கு வெளியே தேடவேண்டியுள்ளது.

துறைமுகமும் பருவக்காற்றும்

சென்னையில் அக்காலத்தில் கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை; அவை திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அங்கே தங்குவது பேரிடரை வரவழைப்பதாகும். கிழக்குப் புறத்தில் பாதுகாப்பான புகலிடம் திருகோணமலை ஒன்றே. நாகப்பட்டினப் போருக்குப் பின் ஹியூஸ் சென்னையில் கப்பல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த வேளையில், 1782 ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரென் அத்துறைமுகத்தைக் கைப்பற்றினார். ஹியூஸ் சென்றடைந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அவருடைய தாமதம் இங்கு மறுக்கவியலாதது.

அதன் விளைவு அக்டோபரில் வெளிப்பட்டது. கடற்கரையைக் காவலின்றி விட்டுச்செல்வதை ஆளுநர் மெக்கார்ட்னி எதிர்த்தார். ஹியூஸோ பம்பாய்க்குப் புறப்பட்டார். அக்டோபர் 15இல் வீசிய புயலில், பஞ்சத்தால் வாடிய சென்னைக்கு அரிசி ஏற்றிவந்த கலங்கள் பல அழிந்தன. ஹியூஸின் கப்பல்களும் சேதமுற்றே பம்பாயை அடைந்தன. ஆளுநரின் கோரிக்கையில் மக்களின் பசி இருந்தது. தளபதியின் மறுப்பில் கடலறிவு இருந்தது. புயல் பின்னதையே மெய்ப்பித்தது.

கடலூரில் ஹியூஸிடம் 18 கப்பல்களும் சஃப்ரெனிடம் 15 கப்பல்களும் இருந்தன. எனினும் குடிநீர்ப் பற்றாக்குறையும் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோயும் ஹியூஸைச் சென்னைக்குத் திரும்பச் செய்தன. கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலத் தரைப்படை இடருக்குள்ளாயிற்று. ஜூன் இறுதியில் எட்டிய சமாதானச் செய்தியே அதனைக் காத்தது.

முடிவுரை

ஹியூஸ் திருகோணமலையை இழந்தது அவருடைய பிழை. அக்டோபரில் கடற்கரையை நீங்கியது அப்பிழையால் விளைந்த கட்டாயம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி அவருடைய இயல்பின் குறையாகக் காண்பது பொருந்தாது. சோழமண்டலக் கடற்போர் வரலாற்றைத் தளபதிகளின் வீரத்தால் மட்டுமன்றி, காற்றாலும் நீராலும் துறைமுகத்தாலும் அளவிடவேண்டும் என்பதை அவருடைய பணிவாழ்வு உணர்த்துகிறது.