விடுதலும் மீளலும்: திருப்பாவையில் கால ஒழுங்கு

நேர மேலாண்மை நூல்கள் பெரும்பாலும் வேலைகளைத் தரம் பிரிப்பதிலிருந்து தொடங்குகின்றன. அவசரமானவை வேறு, முக்கியமானவை வேறு என்ற கருத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1954-இல் எவன்ஸ்டன் நகரில் ஆற்றிய உரையில், ஒரு முன்னாள் கல்லூரித் தலைவரின் கூற்றாக எடுத்துரைத்தார். 1989-இல் வெளிவந்த ஸ்டீபன் கோவியின் நூல் அதை நான்கு கட்டங்களாக்கிப் பரப்பியது. பயனுள்ள பகுப்புதான். ஆயினும் நல்லவற்றுள் எதை விடுவது, எதுவரை விடுவது, யாரோடு சேர்ந்து விடுவது என்னும் வினாக்களுக்கு அதில் போதிய விடை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தந்த திருப்பாவை இம்மூன்றையும் எதிர்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருப்பாவையில் ஆயர் மகளிர் நோற்கும் மார்கழி நோன்பின் நடைமுறையை வகுப்பது இரண்டாம் பாசுரம். செய்ய வேண்டியவையாக அது கூறுவன நான்கு: பாற்கடலில் துயில்பவனைப் பாடுதல், விடியலில் நீராடுதல், ஈதல், உய்யும் வழியை எண்ணுதல். விலக்குவனவோ ஆறு. அவற்றுள் தகாத செயலும் கோள் சொல்லலும் எக்காலத்தும் தவறானவை. நெய், பால், கண்மை, மலர் ஆகிய நான்கும் அத்தகையன அல்ல. ஆயர் மகளிரின் அன்றாட இன்பங்கள் அவை. குடம் நிறையப் பால் சுரக்கும் பசுக்களை அடுத்த பாசுரமே காட்டுகிறது. ஆகவே இவ்விலக்கு வறுமையால் வந்ததன்று, பொருள்மீது கொண்ட வெறுப்பாலும் வந்ததன்று. தீயதை விடுவதற்கு மனவுறுதி போதும். நல்லதை விடுவதற்குத்தான் முதன்மை எது என்ற தெளிவு வேண்டும். இப்பாசுரத்தில் இறைவனைப் பாடுதல் முதலில் நிற்க, நெய்யும் பாலும் அதன் பின்னரே விலக்கப்படுவது இத்தெளிவைக் காட்டுகிறது.

இந்தத் துறப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. இருபத்தேழாம் பாசுரத்தில் அணிகலன்களும் ஆடையும் நெய் வழியும் பாற்சோறும் வருகின்றன. விட்ட நெய்யும் பாலும் அங்கே திரும்பி வந்துவிடுகின்றன. மார்கழி 27-ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி அக்காரவடிசல் படைக்கும் வழக்கம் இதிலிருந்தே வந்தது. தவணை குறிக்கப்பட்ட துறப்பைத் தாங்குவது எளிது. மீளும் நாள் தெரியாமல் ஓய்வையும் உறவையும் ஒத்திப்போடும் இன்றைய பழக்கத்துக்கும் நோன்புக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவே.

இங்கே ஒரு தடை எழலாம். காலம் அத்துணை அரிதென்றால், ஆறு முதல் பதினைந்து வரை பத்துப் பாசுரங்களை உறங்கும் தோழியரை எழுப்புவதில் செலவிடுவானேன்? நூலில் மூன்றில் ஒரு பங்கு இது. பறவைகள் ஒலிக்கின்றன, எருமைகள் மேயப் புறப்படுகின்றன, வெள்ளி எழுகிறது. பொழுது போவது தெரிந்தும் அவர்கள் வாசல்தோறும் நிற்கிறார்கள். இறையனுபவத்தைத் தனித்து நுகரலாகாது என வைணவ உரைமரபு இதற்கு விளக்கம் தரும். கால ஒழுங்கின் நோக்கிலும் விடை உண்டு. நோன்பின் பயனாக மூன்றாம் பாசுரம் சொல்வது நாடெங்கும் பெய்யும் மழை. பயன் பொதுவானதாயின் ஒருத்தி மட்டும் முந்திச் செல்வதில் பொருளில்லை. எழுப்பும் நேரமும் நோன்பின் நேரமே.

இருபத்தொன்பதாம் பாசுரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. நோன்புக்கென அதுவரை இறைவனிடம் கேட்டுவந்த பறை தங்கள் உண்மையான வேட்கை அன்று என்றும், என்றென்றும் அவனுக்கு ஆட்செய்வதே வேண்டுமென்றும் ஆயர் மகளிர் கூறுகிறார்கள். முதன்மையை ஒருமுறை குறித்தால் போதாது. செயலின் ஊடே அது தெளிவடைந்து மாறவும் கூடும்.

இவ்வாதத்துக்கு வரம்பும் உண்டு. நோன்பியர் தம் நாளைத் தாமே வகுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள ராஜபாளையத்துப் பஞ்சாலையில் ஷிப்டுக்குச் செல்பவரின் நாளை ஆலைச் சங்கு வகுக்கிறது. அவரிடம் முதன்மையைத் தெரிந்துகொள் என்று சொல்வது பாதி அறிவுரைதான். வீட்டுவேலையைப் பங்கிடுவதும் ஷிப்டு நேரத்தைக் கலந்துபேசி முடிவு செய்வதும் மறுபாதி. எனவே முதன்மைத் தெரிவைத் தனிமனிதத் திறனாக மட்டும் கற்பிப்பதைவிட, எதை எதுவரை விடுவது எனச் சேர்ந்து வாழ்வோர் செய்துகொள்ளும் உடன்பாடாகக் கற்பிப்பதே திருப்பாவையின் நெறிக்கு நெருக்கமானது.