குழந்தைகளில் இரைப்பை எதுக்களிப்பு
இரைப்பையில் உள்ள பாலும் அமிலமும் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவது எதுக்களிப்பு. கைக்குழந்தைக்கு உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத்தசை முதிர்ந்திருக்காது, உணவும் பால்தான், படுத்தேயிருக்கும் பருவம் வேறு. ஆகவே பால் கக்குவது இயல்பு. நான்காம் மாத அளவில் மிகுந்து, பெரும்பாலும் 12 முதல் 18 மாதங்களுக்குள் தானாக நின்றுவிடும். எடை கூடிச் சிரித்து விளையாடும் குழந்தைக்கு அமிலம் குறைக்கும் மருந்து தேவையில்லை. இதைப் பெற்றோருக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்து, ஏப்பம் விடவைத்து, 20–30 நிமிடம் நிமிர்த்தித் தோளில் வைத்திருந்தாலே கக்குவது குறையும். கக்குகிறதே என்று குப்புறப் படுக்கவைக்கக் கூடாது. மல்லாந்து உறங்குவதே பாதுகாப்பு.

பச்சை நிற வாந்தி, இரத்தம், பீறிட்டடிக்கும் வாந்தி, எடை ஏறாமை, பால் மறுத்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பசும்பால் புரத ஒவ்வாமையும் எதுக்களிப்பு போலவே தோன்றும். மருத்துவர் சொன்னால் பசும்பால் புரதத்தை 2–4 வாரம் நிறுத்திப் பார்க்கலாம்.

வளர்ந்த பிள்ளைகள் நெஞ்செரிச்சல், புளியேப்பம், மேல்வயிற்று வலி என்று சொல்வார்கள். இரவு உணவை முன்னதாக முடிப்பதும் உடல் பருமனைக் குறைப்பதும் உதவும். மருந்து, மருத்துவர் குறிக்கும் காலம் மட்டும்.