டோபோலோபாம்போ: ஓர் ஆற்றுப்படுகைப் பயண ஆய்வு

1. பொருள்

மெக்சிகோவின் வடமேற்கே, சினலோவா மாநிலக் கடற்கரையில் உள்ளது டோபோலோபாம்போ துறைமுகம். அதிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் லாஸ் மோச்சிஸ் நகரம். பயணிகள் பலர் மலை ரயில் ஏறுவதற்காக மட்டுமே இங்கே ஓரிரவு தங்குகின்றனர். கடற்கரையும் மலையும் ஃபுவேர்ட்டே ஆற்றால் பிணைந்த ஒரே நிலம் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பாதையின் வரலாறு

அமெரிக்கப் பொறியாளர் ஆல்பர்ட் கிம்சி ஓவன் டோபோலோபாம்போ விரிகுடாவைப் பசிபிக் வணிகத்தின் வாயிலாகக் கருதினார். 1886இல் அவர் முயற்சியால் தொடங்கிய கூட்டுறவுக் குடியேற்றம் நிலைக்கவில்லை. 1900இல் ஆர்தர் ஸ்டில்வெல், கான்சஸ் நகரிலிருந்து இத்துறைமுகத்துக்கு இருப்புப் பாதை அமைக்க முனைந்தார். மெக்சிகோ புரட்சியும் பணமுடையும் குறுக்கிட்டன. எஞ்சிய மலைப்பகுதியை மெக்சிகோ அரசே முடித்து, 1961இல் பாதையைத் திறந்தது.

3. நிலத்தின் மூன்று அடுக்குகள்

3.1 கரை: விரிகுடாவில் அலையாத்திக் காடுகளும் டால்பின்களும் உண்டு. இவ்விரிகுடா திறக்கும் கலிபோர்னியா வளைகுடாவின் தீவுகள் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

3.2 சமவெளி: ஃபுவேர்ட்டே ஆற்று நீரே வயல்களை வளர்க்கிறது. பாசனக் கழிவுநீர் கடலோரக் காயல்களில் சேர்வதால், வயலில் இடும் உரமும் மருந்தும் மீனவரையும் தொடுகின்றன.

3.3 மலை: உரீக்கே, பாதோபிலாஸ் ஆறுகள் செப்புப் பள்ளத்தாக்குகளைக் குடைந்து வந்து ஃபுவேர்ட்டேயில் கலக்கின்றன. உச்சியில் பைன், ஓக் காடுகள். அங்கே வாழும் பழங்குடியினர் ராராமுரி மக்கள்.

4. ரயில் காட்டும் தொடர்பு

எல் சேப்பே எனப்படும் இந்த ரயில் பாதை, லாஸ் மோச்சிஸிலிருந்து சிவாவா நகர்வரை சுமார் 650 கி.மீ. நீள்கிறது. 80க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 30க்கும் மேற்பட்ட பாலங்கள். கள்ளியும் முட்புதரும் மெல்ல விலக, தேமோரிஸ் அருகே பாதை மலைக்குள்ளேயே வளைந்து திரும்பி மேலேறுகிறது. கிரீல் ஊர் 2,300 மீட்டருக்கு மேல் உள்ளது. நீர் இறங்கிவரும் திசைக்கு எதிரே பயணி ஏறிச் செல்கிறார்.

5. முடிவு

எனவே பயணத்தைக் கரையில் தொடங்குவதே முறை. காலையில் லாஸ் மோச்சிஸிலிருந்து புறப்பட்டால் மலைப்பகுதி பகல் வெளிச்சத்தில் கிட்டும். எதிர்த்திசையில் சிவாவாவிலிருந்து வருவோருக்கு அதன் ஒரு பகுதி குளிர்காலத்தில் இருட்டிவிடக்கூடும். மழை ஓய்ந்த செப்டம்பர் இறுதி, அக்டோபர் மாதங்களில் அடிவாரம் பசுமையாக இருக்கும். அலையாத்திக்கு ஒரு நாளேனும் ஒதுக்க வேண்டும். மலைக்காடு அழிந்தால் ஆறு மெலியும். ஆறு கெட்டால் விரிகுடா கெடும். இவற்றைத் தனித்தனிச் சுற்றுலாத் தலங்களாகப் பிரிப்பது நிலத்துக்கும் அதில் வாழ்வோருக்கும் இழைக்கும் தீங்கு.