செலவுக்கணக்கை அட்டையில் அச்சடித்தவர்கள்

பாட்டுச் செய்கிற நண்பர் ஒருவராவது எங்கள் எல்லாருக்கும் இருப்பார். மாதக்கணக்கில் கஷ்டப்பட்டு ஒரு பாட்டை முடிப்பார். யூரியூப்பில் போட்ட அன்றிரவே "மச்சான், ஒருக்கா ஷெயார் பண்ணிவிடு" எண்டு மெசேஜ் வரும். அடுத்த நாளும் வரும். மூன்றாம் நாள் அவருக்கே வெட்கமாகிவிடும். சொந்தப் பாட்டைத் தானே பரப்புவது ஏன் கடன் கேட்பது மாதிரி ஆகிப்போனது? இதை யோசிக்கிறபோது எனக்கு 1977ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஞாபகம் வருகிறது.

அந்த வருடம் ஜனவரியில் பங்க் இசையைச் சுற்றி மூன்று விஷயங்கள் நடந்தன. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை ஈ.எம்.ஐ. கம்பனி கைவிட்டது. கிளாஷ் குழு சி.பி.எஸ். கம்பனியோடு 100,000 பவுண்களுக்கு ஒப்பந்தம் போட்டது. அதே மாதம் 29ஆம் திகதி, மன்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் என்ற குழு எந்தக் கம்பனியிடமும் போகாமல் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற நாலு பாட்டு இசைத்தட்டை வெளியிட்டது. அதற்கான 500 பவுண்களைக் குடும்பத்திடமும் நண்பர்களிடமும் கடனாக வாங்கியிருந்தார்கள். 1976 டிசம்பர் 28ஆம் திகதி, ஒரே நாளில் ஒலிப்பதிவு முடிந்தது. அட்டைப்படம் மனேஜர் எடுத்த ஒரு பொலரோயிட் படம். அச்சடித்தது 1,000 பிரதிகள்.

சுயாதீன லேபிள்கள் அதற்கு முதலும் இருந்தன. ஆனால் ஒரு பங்க் குழு தானே லேபிள் தொடங்கித் தன் தட்டை வெளியிட்டது பிரித்தானியாவில் இதுதான் முதல் தடவை. ஆயிரமும் கெதியில் முடிந்தது. திரும்பத் திரும்ப அச்சடித்து கிட்டத்தட்ட 16,000 விற்றார்கள்.

எனக்கு விற்பனையை விட அந்த அட்டைதான் முக்கியம். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது தடவையில் பதிவானது, பிறகு எந்த வாத்தியம் மேலதிகமாகச் சேர்க்கப்பட்டது என்பதை அதில் எழுதியிருந்தார்கள். பெரிய கம்பனிகள் மறைத்து வைத்திருந்த சமையல் குறிப்பைத் திறந்து காட்டினது மாதிரி. கேட்டவர்கள் "நல்லாயிருக்கு" எண்டதோடு நிற்கவில்லை, "இதை நாங்களும் செய்யலாமே" எண்டார்கள்.

அதே வருடம் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு தன் முதல் தட்டுக்கு 153 பவுண்தான் செலவானது என்று இரண்டாவது தட்டின் அட்டையில் சொன்னது. நீங்களும் செய்யுங்கோ என்று கேட்பவர்களைத் தூண்டியது. 1978இல் ஸ்க்ரிற்றி பொலிற்றி இன்னும் ஒரு படி போனது. ஒலிப்பதிவு, தட்டு அச்சு, லேபிள் என்று ஒவ்வொன்றின் செலவையும் அட்டையிலேயே பட்டியலிட்டார்கள். அவர்களுக்கு விளம்பரம் என்றால் அந்தக் கணக்குத்தான்.

தட்டை அச்சடித்தால் போதாது, கடைக்குப் போகவும் வேணும். 1976இல் லண்டனில் ஜெவ் ட்ரவிஸ் தொடங்கிய ரஃப் ட்ரேட் என்ற இசைத்தட்டுக் கடை இப்படியான தட்டுகளை வாங்கி விற்றது. பிறகு லிவர்பூல், பிரிஸ்டல், யோர்க் போன்ற நகரங்களின் சின்னக் கடைகளோடு சேர்ந்து 'கார்ட்டெல்' என்ற விநியோக வலையைக் கட்டியது. பி.பி.சி. வானொலியில் ஜோன் பீல், பெயர் தெரியாத குழுக்களின் தட்டுகளையும் இரவு நிகழ்ச்சியில் போட்டார்.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 500 பவுண் கடன் குடுக்க ஆளில்லாதவர்களும் இருந்திருப்பார்கள். ரஃப் ட்ரேட்டின் விநியோக நிறுவனமே 1991இல் முறிந்து, அதை நம்பியிருந்த சின்ன லேபிள்களையும் சிக்கலில் விட்டது. ஆனால் அந்த அலையில் பிறந்த சில பாதைகள் அழியவில்லை. 1974இல் கடையாகத் தொடங்கி 1977இல் லேபிளான பெகர்ஸ் பான்குவெற் அதில் ஒன்று. அதன் குடும்பத்தில் வந்ததுதான் எக்ஸ்.எல். ரெக்கோர்டிங்ஸ்.

சிறுவயதின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2005இல் 'அருளர்' அல்பத்தை வெளியிட்டது இந்த எக்ஸ்.எல். ஊடாகத்தான். அதற்கு முதல், 2003இல் அவவின் 'கலாங்' பாட்டு ஒரு சிறிய லேபிளில் வெறும் 500 பிரதிகளாக வந்தது. பாட்டுகளை மைஸ்பேஸில் போட்டா. மிக்ஸ்ரேப் ஒன்று கைமாறிப் போனது. எம்.ஐ.ஏ. தனியாக முளைத்தவ இல்லை. வேற ஆக்கள் வெட்டி வைத்த வாய்க்காலில் தன் தண்ணியை விட்டவ.

இப்ப எங்களிடம் வாய்க்கால் இல்லை, அல்கோரிதம்தான் இருக்கு. அதன் கணக்கை அது ஒருநாளும் எங்களுக்குக் காட்டாது. அதனால்தான் ஷெயார் கேட்டுக் களைக்கிறோம் என்று நினைக்கிறேன். ஷெயார் கேட்பவர் தன் பாட்டுக்கு மட்டும் இடம் கேட்கிறார். கணக்கைக் காட்டுகிறவர் அடுத்தவருக்கும் வழி விடுகிறார்.

அடுத்த பாட்டைப் போடுகிறபோது டிஸ்கிரிப்ஷனில் எழுதுங்கோ: ஸ்ரூடியோவுக்கு எவ்வளவு, மிக்ஸிங்குக்கு எவ்வளவு, கமரா யாருடையது, எதைச் சும்மா செய்து தந்தார்கள், எதில் காசு வீணாப்போனது. அதை வாசிக்கிற ஒரு தங்கச்சி தன் முதல் பாட்டுக்கு எவ்வளவு சேர்க்க வேணும் எண்டு அண்டைக்குத்தான் கணக்குப் பார்க்கத் தொடங்குவா.