மணிக்கூண்டில் இல்லாத 14 பெயர்கள்



வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைத் தெரியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அதிலுள்ள கல்வெட்டை நின்று படித்தவர்கள் குறைவு. வேலூரிலிருந்து முதல் உலகப் போருக்கு 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்பதுதான் அதன் செய்தி.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டை பார்க்க அழைத்துப் போனபோது இந்தக் கல்லையும் காட்டினேன். ஒரு பையன், "சார், அந்த 14 பேரோட பேரு என்ன?" என்று கேட்டான். "கல்லுல எழுதல தம்பி" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

பெயர் எழுதத் தெரியாத மண் அல்ல இது. ஆம்பூரில் 9-ஆம் நூற்றாண்டு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26-ஆம் ஆட்சியாண்டில், நுளம்பனின் படை ஆமையூர் மாடுகளைக் கவர வந்தபோது, எதிர்த்து நின்று இறந்த வீரனுக்கு எடுத்த கல். ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். இறந்தவன் அகலங்கத்துவராயரின் மகன் என்று தந்தை பெயரையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். மாடு மீட்டவனுக்கே அந்த மரியாதை!

1806 ஜூலை 10 அன்று நடந்த வேலூர்ப் புரட்சியைப் பாருங்கள். இறந்த ஆங்கிலேயருக்குக் கோட்டைக்கு எதிரே பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் எழுந்தது. கில்லஸ்பியின் படை கொன்ற நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்குத் தனிக் கல்லறை கிடையாது. மக்கான் அருகே நிற்கும் நினைவுத் தூண் பிற்காலத்தில் வந்தது.

உலகப் போரிலும் அதே கதைதான். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். அங்கே ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாயோ படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கை. இப்படிப் பாகுபாடு நடந்ததை 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் அரசும் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? கேட்டுக்கொள்ள வாரிசு இருந்தால்தானே!

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் இறந்த வீரர்களின் பட்டியலை யாரும் தேடிப் பார்க்கலாம். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. தேடும்போது வேலூர் மாவட்டம் என்று தேடாதீர்கள். அன்று நாம் வட ஆற்காடு. ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் பிள்ளை அனுப்பிய ஊர்கள் நம் பக்கம் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பதக்கமோ, பென்ஷன் காகிதமோ, சிப்பாய் உடுப்பில் ஒரு தாத்தா படமோ இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பெயரையும் ஊரையும் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.

14 பேரில் ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்குச் சொல்லுங்கள். அந்தப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இதையும் படித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சார்